வளையல்காரி புஷ்பமும் பச்சை சிவப்பு இங்கிலீசும்

இலங்கையில், நமுனுகுல மலைச் சரிவில் இருந்த குருவிக்கல் தேயிலைத் தோட்டத்தில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கைகள் இருந்தன. இது வளையல்காரி புஷ்பத்தின் கணக்கு. தலைகளை அரசாங்கம் எண்ணிக்கொள்ளட்டும்; அவளுக்கு வேண்டியது கைகள். அதிலும் பெண் கைகள். ஆண்களுக்குக் கை இருக்கிறது என்பதையே அவள் பொருட்படுத்தியதில்லை, ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம் வரைக்கும்.

பதுளைக் கடைவீதியில் அவளுடைய அண்ணன் கதிர்காமநாதன் வளையல் கடை வைத்திருந்தான். இந்தியாவிலிருந்து தலைமன்னார் வழியாக ரயிலில் ஆடி அசைந்து வந்து, வைக்கோல் அடைத்த பெட்டிகளில் பதுளை ஸ்டேஷனில் இறங்கும் கண்ணாடி வளையல்கள். கடையில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்று சொல்லிப் பதினாறு வயதிலேயே புஷ்பம் எழுந்துவிட்டாள். வளையல்களைக் கயிற்றில் கோத்து, துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்தாள். கலியாணம் பேச வந்தவர்கள் இரண்டு பேர். இருவருடைய கையையும் ஒரு பார்வை பார்த்தாள், "வேணாம்" என்றாள். அண்ணன் காரணம் கேட்டான். "ஒருத்தன் கை வேலை செஞ்சதே இல்ல. இன்னொருத்தன் கை சும்மா இருந்ததே இல்ல" என்றாள்.

முகம் அவளுக்கு நினைவில் நிற்காது. கை மறக்காது. ஒருமுறை பதுளை பஸ் ஸ்டாண்டில், புறப்பட்ட பஸ்ஸின் ஜன்னல் வழியே நீண்டிருந்த ஒரு கையை ஓடிப்போய்ப் பிடித்து, "ஏண்டி பெரியாயி, காச்சல் விட்டிருச்சா?" என்று கேட்டாளாம். காய்ச்சல் வந்திருப்பதே புஷ்பம் கேட்ட பிறகுதான் தனக்குத் தெரிந்தது என்று பெரியாயி பிற்பாடு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். தோட்டத்தின் மேல்பகுதியான மேல்கணக்கில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இரட்டைப் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பெற்றவளே தடுமாறி, மூத்தவள் செய்த குறும்புக்கு இளையவளை அடிப்பாள். "மொகத்தப் பாத்தா ஏமாந்துதான் போவீங்க. கையப் புடிச்சுப் பாருங்க. மூத்தவ கை வழுக்கும். எளையவளுக்குக் கட்டவெரல் முட்டு இடிக்கும்" என்று புஷ்பம் சொல்லிக்கொடுத்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் அடி சரியான முதுகுக்குப் போய்ச் சேர்ந்தது.

கொழுந்து பறிக்கிற கையில் கண்ணாடி வளையல் ஒரு மாதம் தாங்காது. தேயிலைச் செடியின் வாதுக் குச்சி பட்டு ஒன்றொன்றாய்ச் சிதறும். அதனால் மாதம் தவறாமல் புஷ்பம் குருவிக்கல்லுக்குப் போய்வந்தாள். யாரும் தடுக்கவில்லை. அப்போதுதான் புதுத் துரை வந்து சேர்ந்தார்.

செம்பட்டை மயிரும் நீண்ட காலுமாய், ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவர். வந்த மூன்றாம் வாரம் ஒரு பலூன்காரன் லயத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, அவன் கையிலிருந்த பெரிய பலூன் துரையின் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் படாரென்று வெடித்தது. துரை ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். துரை தேயிலைக் கானுக்குள் விழுந்து, தண்ணீர் ஓடுகிற அந்தப் பள்ளத்திலேயே அரைப் பர்லாங்கு நீந்திப்போய் எழுந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கானில் முழங்கால் தண்ணீர்தான். ஆனால் பார்த்தவர்கள் சொன்னதை எப்படிப் பொய் என்பது?

மறுநாளே தோட்டத்து வாசல் கேட்டில் உத்தரவு தொங்கியது. வியாபாரிகள் ஒருவரும் உள்ளே வரக்கூடாது. வரத்தான் வேண்டுமென்றால் பெரிய கிளாக்கர் இங்கிலீசில் கடிதம் எழுதி, துரை கையெழுத்துப் போடவேண்டும். கடிதத்தில் பிழை இருந்தால் துரை சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். சிவப்புக் கோடு விழுந்த கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடமாட்டார்.

"உள்ள விடமுடியாது அக்கா" என்று வாசல் காவல்காரன் வடிவேல் கம்பைக் குறுக்கே நீட்டினான். "தொர கோவத்துல இருக்காரு."

"பலூன் வெடிச்சதுக்கா?"

"அது பழைய கோவம். இது டீ கோவம். காலையில பங்களா சமையக்கார அப்பு டீ தூக்கிட்டுப் போறான். தொர 'டீ கொண்டு போ'ங்கிறாரு. அப்பு திரும்பக் கொண்டு போயிடுறான். தொர சொல்லைத் தட்டலாமா? மூணு வாரமா மனுசன் காலையில டீ குடிக்கல."

"கொண்டு வான்னு சொல்லத் தெரியாதா?"

"தொரைமாருக்கு வாவும் போவும் ஒண்ணுதானே! வான்னாலும் நாம ஓடுறோம், போன்னாலும் நாம ஓடுறோம்."

புஷ்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கீழ்க்கணக்கு வள்ளியம்மைக்கு ஏழாம் மாத வளைகாப்பு. அவள் பிறந்து பதினாறாம் நாள் அந்தக் கையில் கறுப்பு வளையல் போட்டவள் புஷ்பம். பெரியவளானபோது போட்டவளும் அவள்தான், கலியாணத்துக்குப் போட்டவளும் அவள்தான். வேறு யாராவது கடையில் வாங்கி வந்து போட்டுவிட்டால் வள்ளியம்மை பேசாமல் கையை நீட்டிவிடுவாள், அது பிரச்சினையில்லை. ஆனால் ஒரு கை போனால் பின்னாலேயே நானூற்றுப் பதினொரு கையும் போய்விடும். அப்புறம் புஷ்பம் அண்ணன் கடையில் உட்கார்ந்து கால் மரத்துச் சாகவேண்டியதுதான்.

பெரிய கிளாக்கர் இளையதம்பியின் வீடு கேட்டுக்கு வெளியே, தார் ரோட்டோரத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர். நாற்பத்தாறு வயது. வெள்ளைக் கோட்டு, குடை, நெற்றியில் கீற்று விபூதி. புஷ்பத்துக்காக அவர் எழுதிய முதல் கடிதம் ஐந்து சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. அதில் ஆறு. சாய்வு நாற்காலியில் சுருண்டு கிடந்தார் மனிதர்.

"இருவத்தொரு வரியமாய் இங்கிலிஸ் எழுதிறன் பிள்ளை. முந்தின துரை ஒரு சொல்லைத் திருத்தினவரோ? ஒரு சொல்லை!"

"முந்தின துரை ஒண்டையும் வாசிக்கேல்லை எண்டு சொல்லுங்கோவன்" என்று உள்ளேயிருந்து அவருடைய மனைவி சரோஜாதேவியின் குரல் வந்தது.

"சரோஜா, நீர் சும்மா இரும். இப்ப இன்னும் ஒரு கடிதம் பிழைச்சுதெண்டால் கொழும்பிலையிருந்து வேற கிளாக்கர் எடுப்பன் எண்டு துரை சொல்லிப்போட்டார். பிள்ளை, நான் இனி உனக்குக் கடிதம் எழுதேலாது."

புஷ்பம் போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து தோளிலிருந்த வளையல் கட்டை இறக்கினாள்.

"கிளாக்கரையா, எந்த எடத்துலங்க கோடு போடுறாரு?"

"சொல்லுகள் எல்லாம் சோடி சோடியாய் வருகுது, கண்டியோ. பிரிங் எண்டு ஒண்டு, டேக் எண்டு ஒண்டு. நான் ஒண்டை எழுதினால் அவர் மற்றதைக் கேக்கிறார். ஹியர் எழுதினால் லிசன் எண்டுறார். சே எழுதினால் டெல் எண்டுறார். பக்கத்துத் தோட்டத்திட்டை ஏணி இரவல் கேட்டு எழுதினன். நாங்கள் அவைக்கு ஏணி குடுக்கிறமாதிரி எழுதிப்போட்டனாம். அவை ஆள் அனுப்பி எங்கட ஏணியையும் கொண்டு போட்டினம்!"

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க" என்றாள் புஷ்பம். "ஆனா ஒண்ணுபோல இருக்கிற ரெண்டைப் பிரிக்கத் தெரியும். இருவது வருசமா அதத்தான் செய்யிறேன். மொகத்த விடுங்க. அதுக என்ன வேல செய்யுதுங்க, அதச் சொல்லுங்க."

கிளாக்கர், மனைவி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிரிங் எண்டால் கொண்டு வாறது. டேக் எண்டால் கொண்டு போறது."

"தெரியுதே! அப்புறம் ஏன் தடுமாறுது?"

"ஆருக்கு வாறது, ஆரிட்டையிருந்து போறது எண்டதிலைதான் தலை சுத்துது."

"கடுதாசிய யாரு படிக்கிறது?"

"துரை."

"அப்ப நீங்க தொர நாற்காலியில போயி ஒக்காருங்க. இந்தா, இதுதான் பங்களா" என்று எதிரிலிருந்த மர நாற்காலியைக் காட்டினாள். இளையதம்பி எழுந்துபோய் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தானாகவே கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"நான் வளையலோட வாறேன். தொரைக்கு இது வர்றதா, போறதா?"

"வாறது!"

"அப்ப பிரிங்கு. பச்சை." ஒரு பச்சை வளையலை எடுத்துத் தரையில் வைத்தாள். "வர்றதெல்லாம் பச்சை, போறதெல்லாம் சிவப்பு. இப்ப அந்த ஏணி?"

"கேட்டு வாங்கிறது பாரோ. அது எங்களுக்கு வாறது. பச்சை! குடுக்கிறது லென்ட். போறது. சிவப்பு!" கிளாக்கர் கையைத் தட்டினார். தட்டிவிட்டு வெட்கப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. புஷ்பம் இரண்டு வளையலை எடுத்துக் காதருகே மெல்லத் தட்டிக் கேட்டாள். கீறல் விட்ட வளையல் மந்தமாய்ப் பேசும், நல்லது கணீரென்னும். "இப்பிடிக் காதக் குடுத்துக் கேக்குறது எது? நான் நடக்கையில கட்டுக்குள்ள தானா சலசலங்குதே, அது எது?" தானாக விழுவது ஹியர், காதைக் கொடுப்பது லிசன் என்றார் கிளாக்கர். வளையலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணாடிக்குள் குமிழி இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள். அது லுக். கட்டைப் பிரித்ததும் தன்பாட்டில் கண்ணில் படுகிறதே, அது சீ. சேயும் டெல்லும்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தன. கிளாக்கர் நாலைந்து வாக்கியம் சொல்லச் சொல்ல, அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இந்த டெல்லுக்கு எப்பவும் பக்கத்துல ஒரு ஆளு வேணும்போல. அது கையில ஏறின வளையலு. ஆளில்லாம நிக்காது. சே இருக்கே, அது கயித்துல கோத்தது. தனியாத் தொங்கும்."

இளையதம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இப்பிடிச் சொல்லித்தர அந்தநாளையிலை எனக்கொரு வாத்தியார் இருந்திருந்தால்..."

"அவருக்கும் நீங்கள் பிழை பிடிச்சிருப்பியள்" என்றது உள்குரல்.

வீட்டில் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் தோட்டத்து ஆபீசான கந்தோரில் துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டால் பச்சையும் சிவப்பும் ஒன்றாய்க் கலங்கிவிடும் என்று கிளாக்கர் புலம்பினார். வளையலை மேசையில் வைத்தால் துரை கேட்பார். பையில் வைத்தால் உடையும்.

"கையில போட்டுக்கங்க. கோட்டுக் கை மறைச்சிரும்."

"என்ன கதைக்கிறாய் பிள்ளை! நான் ஆம்பிளையடி! வளையல் போட்டவன் எண்டு லயமெல்லாம் சிரிக்கும்."

"வேல போனாலும் சிரிக்குமுங்க."

கடைசியில் நீட்டினார். எழுதுகிற கை சும்மா இருக்கட்டும் என்று இடக்கையில் போட்டாள். ஒரு பச்சை, ஒரு சிவப்பு, தட்டிக் கேட்க இன்னும் இரண்டு. புஷ்பம் பிடித்த முதல் ஆண் கை அதுதான். பேனா பிடித்த கை, பூப்போல இருந்தது. சவர்க்கார நுரை தடவியதும் ஏறிவிட்டது. உள்ளேயிருந்து வந்த சரோஜாதேவி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"கலியாணம் முடிச்சுப் பத்தொம்பது வரியம். எனக்கு ஒரு சோடி காப்பு வாங்கித் தந்தவரில்லை. இப்ப தான் போட்டுக்கொண்டு இருக்கிற வடிவைப் பார்!"

ஏறின வளையல் இறங்க மறுத்ததுதான் வினை. பழகிப் பார்ப்பதற்காகப் புதன்கிழமை போட்டது, எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையவில்லை. கட்டைவிரல் முட்டு வீங்கிவிட்டது. வேலை முடிந்ததும் உடைத்து எடுக்கலாம் என்று கிளாக்கர் சொல்லி வாய் மூடவில்லை, சரோஜாதேவி அலறினாள். "உடைக்கிறதோ? இந்த வீட்டிலை வளையல் உடைக்கிறதோ? ஆரின்ர கையிலையெண்டாலும் வளையல் உடைச்சால் எனக்கெல்லோ கூடாது! என்ர தாலிக்கு வினை வைக்கப் பாக்கிறியளோ? உடைக்கக்கூடாது. தானாய் இறங்கட்டும்." கிளாக்கரின் கையிலிருக்கும் வளையல் அவர் பெண்டாட்டியின் தாலியைக் காக்கிறது என்ற விசித்திரமான நிலைமை அந்த வீட்டில் உண்டானது. புஷ்பத்துக்கும் அதில் மறுப்பில்லை. வளையல்காரி எந்தக் காலத்தில் உடைக்கச் சொல்லுவாள்?

வியாழக்கிழமை காலை மூன்றாவது கடிதத்தைக் கிளாக்கர் கந்தோரில் உட்கார்ந்து எழுதினார். அனுமதி கேட்டவளும் வரவேண்டும் என்று துரை சொல்லியனுப்பியிருந்ததால், வடிவேல் புஷ்பத்தைக் கூட்டிவந்து கந்தோர் விறாந்தையில் நிறுத்தினான். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு சோடிச் சொல்லும் வரும்போது கிளாக்கரின் பேனா நின்றது. கோட்டுக் கைக்குள் மெல்ல ஒரு கிணுகிணுப்பு. பேனா மறுபடி ஓடியது. புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

துரை கடிதத்தை வாங்கினார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். பென்சில் முதல் வரிமேல் கழுகு போல வட்டமிட்டது, இறங்கவில்லை. இரண்டாம் வரிக்குப் போனது. புஷ்பத்தின் நெஞ்சுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு கைகளும் கும்பிட்டன. ஏழாம் வரியில் பென்சில் காகிதத்தைத் தொட்டு, என்ன நினைத்ததோ, மேலே வந்துவிட்டது. கடிதம் முடிந்தது. ஒரு கோடுகூட இல்லை.

துரைக்கு நம்பிக்கை வரவில்லை. இது யார் எழுதியது என்று இங்கிலீசில் உறுமினார். "நான்தான்" என்று சொல்ல வந்த இளையதம்பி, பதற்றத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இடக்கையைத் தூக்கினார். கோட்டுக் கை முழங்கை வரை சரிந்தது. கலகலகலவென்று நாலு வளையலும் கந்தோர் முழுக்கக் கேட்கும்படி சிரித்தன.

வடிவேல் துண்டால் வாயைப் பொத்தினான். கிளாக்கரின் முகம் விபூதி நிறத்துக்குப் போனது. சரியாக அந்த நேரம் பார்த்து அப்பு டீத் தட்டோடு வாசலில் வந்து நின்றான். துரை குழப்பத்தில் அவனைப் பார்த்து, "டீ கொண்டு போ!" என்று கத்தினார். அப்பு பணிவாகத் தலை வணங்கித் திரும்பினான். துரை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

புஷ்பத்துக்கு எப்படித்தான் கால் எழுந்ததோ! விறாந்தையைத் தாண்டி உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"தொர, கைய நீட்டுங்க."

இந்த மூன்று சொல்லை அந்தத் தோட்டத்தில் எந்தத் துரையிடமும் யாரும் சொன்னதில்லை. சொன்ன குரலில் இருந்த பழக்கமோ என்னவோ, துரை நீட்டிவிட்டார். புஷ்பம் பிடித்துப் பார்த்தாள். செம்மயிர், பொரிப்பொரியாய்ப் புள்ளி, விரல் முட்டு நாலும் கூழாங்கல். "ரெண்டே முக்கால் அளவு" என்று முணுமுணுத்துக்கொண்டே, கட்டிலிருந்து மிகப் பெரிய பச்சையும் மிகப் பெரிய சிவப்பும் எடுத்தாள். சவர்க்காரம் இல்லை. அமுக்கிய அமுக்கில் துரை ஸ்கொத்லாந்துப் பாஷையில் ஏதோ சொன்னார், வளையல் ஏறிவிட்டது.

பச்சையைத் தொட்டாள். "வா. கொண்டு வா." சிவப்பைத் தொட்டாள். "போ. கொண்டு போ."

மிச்சத்தைக் கிளாக்கர் விளக்கினார். சொல்லிச் சொல்லித் தன் வளையலையும் காட்டினார். அன்று பேசிய இங்கிலீசில் ஒரு சொல்கூடச் சறுக்கவில்லை என்று அவரே பிற்பாடு பெருமை பேசுவார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்ற தைரியம்தான்.

துரை மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, ஒரு விரலால் பச்சையைத் தொட்டுக்கொண்டு, குழந்தை முதலடி வைப்பதுபோல, "அப்பு... டீ... கொண்டு... வா" என்றார்.

டீ வந்தது.

துரை ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டார். அதுவும் வந்தது. ஐந்து கோப்பை குடித்தார் என்றும், ஒன்பது என்றும் இரண்டு கட்சி உண்டு. கடைசிக் கோப்பையை வைத்துவிட்டுக் கடிதத்தை இழுத்து, கையில் அகப்பட்ட பென்சிலால் கையெழுத்துப் போட்டுப் புஷ்பத்திடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புஷ்பம் தலைக்குக் குளித்து, புது வளையல் கட்டோடு கேட்டுக்கு வந்தாள். வடிவேல் கடிதத்தை வாங்கினான். இங்கிலீசு அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"அக்கா, கடுதாசியில செவப்பு இருக்கே."

"அது தொர கையெழுத்துடா! நேத்து நீயும்தானே பாத்தே?"

"பாத்தேன். ஆனா செவப்பு இருந்தா விடக்கூடாதுன்னு உத்தரவு. செவப்புன்னா போன்னு நேத்து நீதானே சொன்னே?"

புஷ்பத்தின் பாடம் அவள் கழுத்தையே சுற்றியது. கீழ்க்கணக்கு லயத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. வள்ளியம்மையை மணையில் உட்கார்த்திவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி தன் கை வளையலைக் கழற்றி முதல் வளையலாகப் போட்டுவிடுவாள்.

"வடிவேலு, ஒங்க அக்கா கைக்கு வளையல் போட்டவடா நானு!"

"அக்கா கைதானே. என் கையில்லையே."

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பெரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்கு அனுப்பிவிட்டுத் துரை வந்துகொண்டிருந்தார். கேட்டடியில் நின்றார். வெளியே நிற்கும் புஷ்பத்தைப் பார்த்தார், நீட்டிய கம்பைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டி விட்டார். நேற்றுப் போட்ட இரண்டு வளையலும் இருந்தன. அவருக்கும் இறங்கியிருக்கவில்லை. துரையின் விரல் முதலில் சிவப்பின் மேல் வந்து நின்றது. புஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டாள். விரல் ஒரு வளையல் தாண்டியது.

"வா!" என்றார் துரை.

கம்பு தானாக உயர்ந்தது.

அவள் ஓடினாள். கட்டு சலசலக்க, தேயிலை மலையில் குறுக்குப் பாதையால் இறங்கி, வள்ளியம்மையின் மணைக்கு முன்னால் போய் விழுந்தாள். சந்தனம் பூசிய கன்னத்தோடு வள்ளியம்மை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய மாமி தன் வளையலைப் பாதி கழற்றிவிட்டிருந்தாள்.

"இவ்வளவு நேரமா? கை கடுக்குதக்கா" என்றாள் வள்ளியம்மை. இரண்டு கையையும் மாமிக்குக் கொடுக்காமல் முதுகுக்குப் பின்னால் கட்டிவைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் புஷ்பம் அந்த மலைக்குப் போய்வந்தாள். இளையதம்பியின் வளையல்கள் மூன்றாம் மாதம், காய்ச்சலில் கை மெலிந்தபோது தானாக இறங்கின. சரோஜாதேவி அவற்றைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். துரையுடையவை அவர் தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணும்வரை இறங்கவில்லை. துரையே போட்டுக்கொண்டு திரிந்ததால், ஆண்பிள்ளையைப் பார்த்து "போய் வளையல் போட்டுக்கடா" என்கிற வசவு குருவிக்கல் தோட்டத்தில் செல்லாக்காசாயிற்று. வேறு வசவு கண்டுபிடிக்க லயத்துப் பெண்கள் படாத பாடு பட்டார்கள்.

புஷ்பத்தின் கணக்கில் மட்டும் ஒரு திருத்தம். நானூற்றுப் பன்னிரண்டு என்று இருந்ததை நானூற்றுப் பதினாலு ஆக்கினாள். கிளாக்கர் கை ஒன்று, துரை கை ஒன்று. வள்ளியம்மைக்குப் பெண் பிறந்து பதினாறாம் நாள் கறுப்பு வளையல் போட்டபோது, அது நானூற்றுப் பதினாறு ஆயிற்று.